மையத்தில் எண்கள் மட்டும்

ஜனவரி 2, வியாழன்

வீட்டுக்கார அம்மா புது டைரி கொடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ராகு காலம், எமகண்டம். கீழே ஒரு பொன்மொழி. நடுவில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள், என் பாட்டை நான் பாடிக்கொள்ளலாம். பகலெல்லாம் ஆய்வேட்டுக்காக ஆங்கிலத்தில் எழுதி எழுதி என் குரல் எனக்கே மறந்துவிடும்போல இருக்கிறது. அதனால் இதில் தமிழ்.

சமர்ப்பிக்கக் கடைசி நாள் பிப்ரவரி 28. இரண்டு தடவை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, இனிமேல் கிடையாது. அதனால் ஒன்றும் மோசமில்லை. தேற்றம் இருக்கிறது, நிரூபணம் இருக்கிறது, தட்டச்சும் முடிந்தது. பட்டம் வந்தால் கல்லூரியில் நிரந்தர வேலை. வேலை வந்தால் தாமிராவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். ஜூனில் இங்கே பாளையங்கோட்டையிலேயே இரண்டாம் வகுப்பு.

தாமிரா என் மகள். மூன்று வயதிலிருந்து சங்கரன்கோவிலில் என் கணவருடைய அண்ணன் வீட்டில் வளர்கிறாள். இவருக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை. நான் காலையில் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர், மதியத்துக்கு மேல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. கௌரவம் என்பது பெயரில் மட்டும். பிள்ளையை யார் பார்ப்பது என்று முழித்துக்கொண்டிருந்தபோது வடிவக்காதான், "நீ படி ஆவுடை, பிள்ளைய நா பாத்துக்கிடுதேன்" என்றாள். அவளுக்குக் குழந்தை இல்லை. இப்படி ஓர் ஓரகத்தி அமைவது பூர்வஜென்மப் புண்ணியம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன்.

ஜனவரி 6, திங்கள்

வடிவக்கா போன் செய்தாள். இவருடைய அண்ணன், எனக்கு அத்தான், அவரும் பக்கத்தில் இருந்தார்போல.

"ஒனக்கு என்ன படிப்புன்னு கேக்காவ. நா என்ன சொல்ல?"

"குவாண்டம் குரூப்னு சொல்லுங்கக்கா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. "குரூப் ஒன்னா, குரூப் ஃபோரான்னு கேக்காவ."

அரசாங்கப் பரீட்சை இல்லை அக்கா, இது கணக்கு, இதில் சென்டர் என்று ஒன்று உண்டு, அதைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை என்றேன். "டியூசன் சென்டரா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். என்னத்தைச் சொல்ல.

யாராவது உண்மையாகவே கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். யாரும் கேட்காததால் இங்கே எழுதி வைக்கிறேன். மூன்றை ஐந்தால் பெருக்கினாலும் ஐந்தை மூன்றால் பெருக்கினாலும் பதினைந்துதான். என் எழுத்துகள் அப்படி இல்லை. x முன்னால் நின்று y பின்னால் நின்றால் ஒன்று. இடம் மாறி நின்றால் வேறொன்று. ஒவ்வொரு தடவை இடம் மாற்றும்போதும் q என்ற ஓர் எண்ணைத் தண்டமாகக் கட்ட வேண்டும். அடுப்படியும் அப்படித்தான்: எண்ணெய் காய்ந்தபின் கடுகு போடுவதும், கடுகைப் போட்டுவிட்டு எண்ணெய் ஊற்றுவதும் ஒன்றாகுமா? இப்படி முன்பின் பார்க்கிற கூட்டத்திலும் சில உறுப்புகள் இருக்கலாம், யாருக்கு எந்தப் பக்கம் நின்றாலும் வம்பு வராது. அவற்றைச் சேர்த்துத்தான் மையம் என்கிறோம். வெறும் எண்கள் எப்போதும் மையத்தில் இருக்கும். இரண்டுக்கும் ஏழுக்கும் யாரோடு சண்டை? எண்களைத் தவிர வேறு யாராவது உண்டா என்பதுதான் கேள்வி. என் இயற்கணிதத்தில் ஒருத்தி உண்டு என்பது என் தேற்றம். அவளுக்கு C என்று பெயர் வைத்திருக்கிறேன். ஏழு வருஷப் பழக்கம்.

தாமிராவிடம் போனைக் கொடுத்தாள் அக்கா. சாப்பிட்டாயா என்றேன். "ம்." பள்ளிக்கூடம் போனாயா? "ம்." படிக்கிறாயா? "ம்." சமர்த்து. தொந்தரவே கிடையாது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். சங்கரன்கோவில் போகவில்லை, பல்கலைக்கழகத்தில் கடைசிக் கருத்தரங்குக்குத் தயார்செய்ய வேண்டியிருந்தது. வீட்டுக்கார அம்மா ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கலும் கரும்புத் துண்டும் கொடுத்தார். கரும்பைக் கடிக்கப் பல் கூசியது. அடுத்த வாரம் கட்டாயம் போக வேண்டும்.

ஜனவரி 21, செவ்வாய்

கல்லூரி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். இரண்டாம் ஆண்டு, அணிகள். AX = B என்றால் X என்ன? A-யின் நேர்மாறை இடது பக்கம் பெருக்க வேண்டும். பிரிஸ்கா என்கிற பிள்ளை வலது பக்கம் பெருக்கி வைத்திருந்தாள். சிவப்பு மையால் "எந்தப் பக்கம்?" என்று எழுதி நான்கு மதிப்பெண்ணும் குறைத்தேன். அடுத்த தாளிலும் அதே தப்பு. அங்கேயும் "எந்தப் பக்கம்?" எத்தனை தடவை வகுப்பில் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன் என்று கரித்துக்கொட்டிக்கொண்டே அடுத்த தாளை எடுத்தேன். அதில் எழுதப் போன இடத்தில் கை நின்றுவிட்டது.

எனக்கு என் மூன்றாம் அத்தியாயம் ஞாபகம் வந்தது.

C-யில் y பகுதியில் வரும், அதாவது y-யால் வகுத்தல் உண்டு. என் இயற்கணிதத்தில் வகுத்தல் கிடையாது. அதனால் வகுக்க அனுமதி உள்ள ஒரு பெரிய உலகத்துக்குப் போய் அங்கே C-யைக் கண்டுபிடித்தேன். பிறகு y-யால் பெருக்கிப் பகுதியை ஒழித்து அவளைக் கீழே கூட்டிக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் செய்வதுதான். "பகுதியை நீக்கியபின்னும் இவ்வுறுப்பு மையத்தில் இருப்பதை எளிதில் காணலாம்" என்று எழுதியிருக்கிறேன். எளிதில் காணலாம். எங்கள் ஆட்கள் தாங்கள் காணாததற்கெல்லாம் எழுதுகிற வாசகம் அது.

C-க்கு யாரோடும் சண்டை இல்லை, சரி. y-க்கு உண்டே. y-யைக் கொண்டுபோய் C-யோடு ஒட்டினால் y-யின் சண்டையெல்லாம் C-க்கும் வந்துவிடாதா?

என்னுடையது பெரிய இயற்கணிதம். கையால் போட்டுப் பார்ப்பது கஷ்டம் என்று ஒரு நாளும் போட்டுப் பார்க்கவில்லை. இன்றைக்கு x, y, z மூன்றே எழுத்துள்ள சின்னப் பதிப்பை எடுத்து விடைத்தாள் உறையின் பின்புறம் போட்டேன். பகுதியை நீக்கினால் மிஞ்சுவது xz. அதன் இடது பக்கம் x-ஐ வைத்தேன். வலது பக்கம் வைத்தேன். ஒரு q வித்தியாசம்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். எனக்கு வெண்ணெயே இருந்ததில்லை. ஏழு வருஷமாகத் தண்ணீரைக் கடைந்திருக்கிறேன்.

ஜனவரி 22, புதன்

பெரிய இயற்கணிதத்திலும் போட்டுப் பார்த்தேன். அதே கதை. மீதித் தாள்களைத் திருத்தி முடித்தேன். அரிசி வாங்க மறந்துவிட்டேன்.

ஜனவரி 25, சனி

தாமிராவின் பள்ளி ஆண்டு விழா. மயில் ஆட்டம். வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். பகுதியை வேறு விதமாக நீக்க ஒரு வழி தோன்றியது, நூலகத்தில் உட்கார்ந்தேன். அதுவும் வேலைக்காகவில்லை.

வடிவக்கா வீடியோ அனுப்பியிருந்தாள். தாமிரா நன்றாக ஆடியிருக்கிறாள். முடிந்ததும் மேடையிலிருந்து குதித்து, தோகை சரியச் சரிய ஓடிவந்து அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். அதோடு படம் கறுத்துவிடுகிறது. போன் கை தவறியிருக்கும்.

"ஒரு விசயம் பேசணும் ஆவுடை. போன்ல வேண்டாம், நேர்ல வா" என்று அக்கா செய்தி அனுப்பியிருக்கிறாள். பிப்ரவரி 28-க்குப் பிறகு வருகிறேன் என்று பதில் போட்டேன்.

ஜனவரி 30, வியாழன்

என் நெறியாளர் ஞானதிரவியம் சாரிடம் சொல்லிவிட்டேன். மே மாதம் ஓய்வு பெறுகிறார், அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

"எங்கண்ணுலயும் படலையேம்மா."

நான் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"சப்மிட் பண்ணிரு" என்றார்.

"சார், தப்பு சார்."

"தப்புதான். நா இல்லைன்னா சொன்னேன்? எக்ஸாமினர் ரெண்டு பேரு. ஒருத்தர் முன்னுரையப் படிப்பாரு. இன்னொருத்தர் தன் பேப்பர மேற்கோள் காட்டியிருக்கோமான்னு பாப்பாரு. மூணாம் அத்தியாயத்துக்கு எவன் வாரான்? டிகிரிய வாங்கு. அப்பொறம் நிதானமாத் திருத்திக்கிடுவோம்."

"யாராவது வந்துட்டா?"

"நானே வரலையேம்மா ஏழு வருசமா." அலமாரிக் கதவைச் சாத்தினார். பிறகு சுதாரித்துக்கொண்டு, "பெத்த பிள்ளைய விட்டுட்டு வந்து படிக்க. அத நெனச்சிப் பாரு" என்றார்.

வேறு எதை நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறார் சார்?

பிப்ரவரி 3, திங்கள்

பால் திரிந்துவிட்டது. புதிதாகப் போட்ட நிரூபணமும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இவர் ஓசூரிலிருந்து வந்திருக்கிறார். சொதி வைத்தேன், இஞ்சித் துவையல் அரைத்தேன். பாதிச் சாப்பாட்டில், தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அண்ணன் ஒண்ணு கேக்கான்."

"என்னவாம்?"

"தாமிராவ அவங்களே வச்சுக்கிடட்டுமான்னு. முறையா. தத்து எழுதிக்கிட்டு."

அகப்பை என் கையில்தான் இருந்தது. கீழே விழவில்லை. நான் அவ்வளவு நிதானமாகத்தான் நின்றேன். "நீங்க என்ன சொன்னிய?"

"ஒங்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்னேன். ஆவுடை, கோவப்படாம கேளு. ஒனக்கும் நேரமில்ல, எனக்கும் நேரமில்ல. பிள்ள அங்க நல்லாத்தான இருக்கு?"

"இருபத்தெட்டு வரைக்கும் பொறுங்க. தீஸிஸக் குடுத்துட்டா கூட்டிட்டு வந்துருவேன்."

"வருசத்துக்கு ஒரு தேதி சொல்லுத."

அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். எனக்குக் கோபம் வந்தது. அண்ணன் மேலா, வடிவக்கா மேலா, இவர் மேலா என்று ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தேன். யார் மேலும் சரியாக உட்காரவில்லை. தேதி சொல்கிற என் மேல் உட்கார்ந்தது. தப்பான ஏட்டைக் கொடுத்தால் வேலை கிடைக்கும், பிள்ளை கிடைப்பாள். கொடுக்காவிட்டால் மூன்று வருஷம் அவளை விட்டுவைத்தது எதற்காக? இதற்குப் பதில் தெரிந்தவர் யாராவது இருந்தால் எனக்கு வகுப்பெடுக்கட்டும்.

பிப்ரவரி 13, வியாழன்

நிரூபணம் கிடைத்துவிட்டது. நான் தேடியதற்கு இல்லை, அதற்கு நேர் எதிரானதற்கு. q-வை எத்தனை தடவை தன்னோடு பெருக்கினாலும் ஒன்று என்ற எண் வராது என்றால், என் இயற்கணிதத்தின் மையத்தில் எண்களைத் தவிர யாரும் இல்லை. எல்லோரோடும் ஒத்துப்போக வேண்டுமானால் எங்காவது ஓர் இடத்தில் வகுத்தே ஆக வேண்டும், அதாவது செய்த பெருக்கலைத் திரும்ப எடுக்க முடிய வேண்டும். எங்கள் உலகத்தில் செய்தது செய்ததுதான், திரும்ப எடுக்க வழி கிடையாது. அதனால் C-க்கு அங்கே இடமில்லை.

மொத்தம் ஒன்றரைப் பக்கம். இரண்டு மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன், தப்பே இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். ஏழு வருஷத் தப்பு அத்தியாயம் அத்தியாயமாக விரிந்து கிடக்கிறது, உண்மை ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது.

அழுதேன். பிறகு மாவு ஆட்டினேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஒன்றரைப் பக்கத்தைச் சாரிடம் காட்டினேன். படித்ததும் முகம் மலர்ந்தது, அந்த ஒரு நிமிஷம் அவர் வெறும் கணக்கு வாத்தியார். "அழகா இருக்கும்மா" என்றார். அப்புறம் முகம் சுருங்கியது.

"ஏட்டுல சேக்க முடியாது. தலைப்புலயே 'வெறுமையல்லாத மையம்'னு போட்டுக் கமிட்டி ஒப்புதல் குடுத்தாச்சு. உள்ள தொறந்து பாத்தா மையம் காலின்னு இருந்தா எப்பிடி?"

"தலைப்ப மாத்தலாம்லா சார்?"

"இந்தப் பதிவுல முடியாது. புதுசாப் பதிவு பண்ணணும், வேற கைடு பாக்கணும். எப்பிடியும் மூணு நாலு வருசம் ஆவும்." ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். "இல்லன்னா இருக்கத அப்படியே குடு. நா கையெழுத்துப் போடுதேன். பாவம் எனக்குன்னு வச்சுக்கோ."

நல்ல மனுஷர். கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

பைண்டிங் கடையில் பிரதிகள் தயார். கறுப்பு அட்டை, பொன் எழுத்து. உறுதிமொழிப் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும், சார் போட்டுவிட்டார். பேனாவைத் திறந்தேன், கடைக்காரர் ஸ்டாம்ப் பேட் வேண்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்று மூடினேன். அப்படியே பையில் வைத்துக் கல்லூரிக்குப் போனேன்.

வகுப்பு முடிந்ததும் பிரிஸ்கா வந்தாள். "மேம், முழுக் கணக்கும் போட்டிருக்கேன். பக்கம் மட்டுந்தான் மாறிட்டு. ரெண்டு மார்க்காவது போடுங்க மேம்."

"பக்கம் மட்டுந்தானா? அது மாறினா எல்லாமே மாறும்லா? இத்தன நாள் வகுப்புல என்னத்தக் கேட்ட?"

நான் போட்ட சத்தத்தில் வராந்தாவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளையின் கண் நிறைந்துவிட்டது. ஒரு மார்க்குக்கூடப் போடவில்லை. அவள் போனபின் பையிலிருந்த கறுப்பு அட்டையைத் தொட்டுப் பார்த்தேன். இந்தக் கையால் அங்கே சிவப்பு மை, இங்கே கையெழுத்தா? என்னால் முடியாது. முடியாது என்பதில் பெருமை ஒன்றும் இல்லை, என் மகளுக்காகக்கூட முடியவில்லையே என்று அருவருப்பாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 28, வெள்ளி

பல்கலைக்கழகம் போகவில்லை. போர்வைகளை ஊறவைத்துத் துவைத்தேன். வெயில் நன்றாக இருந்தது, சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட்டன.

மார்ச் 1, சனி

சங்கரன்கோவில் போய்த் தாமிராவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பட்டமும் இல்லை, நிரந்தர வேலையும் இல்லை, இனி அவளை எந்தத் தேதிக்காக விட்டுவைப்பது? இவரிடம் போனில் சொன்னேன். "ஒன் இஷ்டம்" என்றார்.

சண்டை வரும் என்று பேச வேண்டியதையெல்லாம் பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். வடிவக்கா சண்டை போடவில்லை. அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அக்கா பிள்ளையின் துணிகளை மடித்து மடித்துப் பையில் வைத்தாள்.

"நீ பெத்தவ. நா என்ன சொல்ல முடியும். தோசைக்கு நெய் ஊத்தணும், எண்ணெய் ஊத்துனா திங்க மாட்டா. தூங்கும்போது நம்ம காது மடலப் பிடிச்சுக்கிடுவா, கைய எடுத்து விட்டுராத. இடி இடிச்சா பயப்படுவா." பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, "எழுதிக்கிடுதியா?" என்றாள்.

"ஞாபகம் வச்சுக்கிடுதேன்க்கா."

தாமிரா அழவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். அக்காதான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்தேன். "நம்ம வீட்டுக்குப் போவோமா?" என்று கேட்டேன். "ம்" என்றாள். பெரிய சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச தூரம் போனபின் மனசு கேட்காமல், "பெரியம்மா வீட்டுலயே இருக்கணும்னு இருக்கா?" என்றேன். அதற்கும் "ம்" என்றாள். அதே குரல், அதே முகம். ஆறு வயசுப் பிள்ளை எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் ஒரே பதில் சொல்கிறது. வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

நான் எழுவதற்கு முன்னால் எழுந்து போர்வையை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். "பாத்ரூம் போய்க்கிடட்டா?" என்று கேட்டாள். பல் தேய்த்தபின், "இந்தத் துண்டுல துடைச்சுக்கிடட்டா?" பிறகு ஃபேன் போடலாமா, ஜன்னலைத் திறக்கலாமா. எல்லாவற்றுக்கும் அனுமதி. எல்லாம் ஒன் வீடுதான்டி என்றேன். "ம்."

நெய் ஊற்றித் தோசை வார்த்தேன். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுத் தட்டைக் கழுவியும் வைத்தாள். அப்போதுதான் கவனித்தேன், நேற்றிலிருந்து என்னை ஒரு தடவைகூட முறை வைத்துக் கூப்பிடவில்லை. எல்லாம் மொட்டைப் பேச்சு. கூச்சமாக இருக்கும், நாலு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நாலு நாள் இல்லாவிட்டால் நாலு மாதம். காத்திருப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு. வேண்டுமென்றே அடுப்படியில் நின்றுகொண்டு, அவள் என்னைத் தேடிக் கூப்பிடுகிறாளா என்று பார்த்தேன். அவள் கட்டிலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் வடிவக்கா போன் செய்தாள். எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, பாத்திரம் கழுவுகிற சாக்கில் உள்ளே வந்துவிட்டேன். குழாயைத் திறக்கவில்லை.

"அம்மா," என்றாள். "நீ சாப்ட்டியாம்மா? ஏன் சாப்பிடல? நீ அழுதியா? பொய் சொல்லாத, நீ அழுத. ஒன் தொண்டை அப்பிடி இருக்கு. நா அழல. நா ஒண்ணுமே சேட்டை பண்ணல. நீ எப்பம்மா வருவ?"

இவ்வளவு பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. கையைத் துடைத்துக்கொண்டு வாசல் நிலையில் வந்து நின்றேன். என்னைப் பார்த்ததும் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். இரண்டு கையாலும் போனை என்னிடம் நீட்டினாள்.

"நீங்க பேசுதியளா?"

வாங்கிக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அக்கா," என்றேன், "அழாதிய. சாயங்கால பஸ்ஸுக்குப் பிள்ளையக் கூட்டிட்டு வாரேன்."